மாதிரி எண் 41

சோஹாரில் அக்டோபர்.
புழுக்கம் இன்னும் இறங்கவில்லை.
உருப்பெருக்கியின் கீழே ஒரு பெண் கொசு;
ஊசிமுனையால் மெல்லப் புரட்டுகிறேன்.
முதுகில் வெள்ளை யாழ்,
ஒரு நரம்பு மட்டும் உதிர்ந்துபோய்.
கால்களில் வளையங்கள்.
சந்தேகமில்லை, ஏடிஸ்.

வயிற்றில் இன்னும் சிவப்பு.
"யாருடையது?" என்கிறாள் ஸுவைனா,
பதிவேட்டைத் திறந்தபடி.
அதற்கு வேறு சோதனை, வேறு மேசை.
என் படிவம் கேட்பது இடத்தை மட்டும்.

பொறி வைத்தது: கேம்ப் ஒன்பது, மாடிப்படி.
புழு கிடைத்தது:
ஏ.சி. சொட்டுக்கு வைத்த நீல வாளி.

அந்தத் தண்ணீரில்தான்
செலஸ்டின் தரை துடைப்பான்.
போன வெள்ளி அவன் ஊரில்.
கவிழ்த்து வைத்திருக்க வேண்டியவன் நான்.

அறை எண் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
எழுதினேன்.

முழங்கைக்குக் கீழே
அப்போதுதான் அரிக்கத் தொடங்கியது.