எட்டாம் தளம், முன்பக்கம்

மிஷன் வீதி மாடியறையில்
ஜோஸ்லின் கப்பலை மேசைமேல் விரித்தாள்.
தாளில் அது நீளவாக்கில் பிளந்த வெள்ளரிக்காய்,
விதைகள்தான் அறைகள்.
நடுவிதைக்கு ஜன்னல் கிடையாது, விலை குறைவு.
ஓரத்து விதைக்குப் பால்கனி.
"பின்பக்கம் எடுத்துக்குங்க சார்,
காத்து அடிக்காது, உட்கார்ந்து டீ குடிக்கலாம்,
கப்பல் விட்டுட்டுப் போற நுரையைப் பார்த்துக்கிட்டே.
எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க."

நான் கூர்முனையில் விரலை வைத்தேன்.

குமுதவல்லி விரலைப் பார்க்கவில்லை,
அதற்குக் கீழிருந்த தொகையைப் பார்த்தாள்.
மூன்று ராத்திரிக்கு இந்தக் காசு.
மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்பி
டைல்ஸும் ஒட்டிவிடலாம்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
கைப்பையின் ஜிப்பை இரண்டு தரம் இழுத்து மூடினாள்.

ஜோஸ்லின் நேர்மையான பெண்.
வேகமெடுத்தால் முன்பால்கனியில் நிற்க முடியாதாம்,
காற்று ஆளைத் தள்ளுமாம்,
சில நேரம் கதவையே பூட்டிவிடுவார்களாம்.
நாற்காலிக்கு எதிரே கண்ணாடி இல்லை, இரும்புச் சுவர்.
எழுந்து நின்றால்தான் கடல்.

நிற்பது எனக்குப் பழக்கம் என்றேன்.

முப்பத்தொரு வருடம்
கடலூர் – புதுச்சேரி தடத்தில்
சாலைக்கு முதுகு காட்டி நின்றவன்.
விரலிடுக்கில் மடித்த நோட்டு, வாயில் விசில்,
எதிரே முகங்கள்:
சில்லறை இல்லாத முகம்,
தூங்குவதுபோல் நடிக்கும் முகம்,
கன்னியக்கோயிலில் ஏறி
கிணுங்கும் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு
கோயிலுக்குப் போய்வந்ததுபோல் உட்காரும் முகம்.
எதிரில் என்ன வருகிறதென்று
ஓட்டுகிற காத்தவராயனுக்குத்தான் தெரியும்.
பிரேக் பிடித்தபிறகு
கம்பியில் இடித்த விலா எனக்குச் சொல்லும்.
எல்லா ஊரும் எனக்கு
பின்கண்ணாடியில் சின்னதாகிப் போன ஊர்தான்.
கிருமாம்பாக்கம் எப்படி வரும்?
எவ்வளவு கட்டணம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.
"முன்பக்கம்தாம்மா" என்றேன்.

"இன்னொண்ணு சார். இருட்டினதும்
திரையை மூடிடணும். கண்டிப்பு.
உங்க அறைக்கு மேலதான் கப்பல் ஓட்டற இடம்.
உங்க வெளிச்சம் பட்டா
அவங்களுக்குக் கடல் தெரியாது."

"அப்ப ராத்திரியில நமக்கு ஒண்ணுமே தெரியாதா?"
முதல்முறையாக வாய் திறந்தாள் குமுதவல்லி.

"லைட்டை அணைச்சிட்டுப் பார்க்கலாம்மா."

சிரித்துவிட்டேன்.
கடைசி நடையில் காத்தவராயன் கத்துவான்,
"முன் லைட்டை அமத்துய்யா,
கண்ணாடியில உன் மூஞ்சிதான் தெரியுது!"
அமத்துவேன்.
தோளுக்குப் பின்னாலிருந்து
ஒரு லாரி வெளிச்சம் காகிதத்தில் விழும்,
கணக்கில் ஒரு வரி எழுதுவேன்.
அடுத்த லாரிக்குக் காத்திருப்பேன்.

பணிக்கொடை வந்து தூங்கிய அட்டையை நீட்டினேன்.
கருவி நாக்கைத் துருத்தியது.
பழக்கதோஷம், நானே கிழித்தேன்,
ஓரம் பிசிறாமல்.

திரும்பும்போது
குமுதவல்லி தன் வழக்கமான இருக்கையைத் தாண்டி
என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.
சூடு. டீசல் நெடி.
"வாங்க, பழகிக்குவோம்" என்று இருக்கையைத் தட்டினாள்.

முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு பையன்
"சில்லறையாக் குடுங்க, சில்லறையா" என்று
தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தான்.
திரும்பக் கூடாதென்று கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

எல்லை தாண்டியதும் ஓட்டுநர்
கையை உயர்த்தி முன்விளக்கை அணைத்தார்.
கண்ணாடியிலிருந்து எங்கள் இருவர் முகமும் போனது.
பெண்ணையாற்றில் தண்ணீர் இருந்ததா, தெரியவில்லை.
பாலம் வந்தது,
முதலில் ஒரு புள்ளி,
பிறகு இரண்டு வரிசை விளக்கு,
பிறகு
நாங்கள் உள்ளே.