எண் 611

பெயின்ட் டப்பா என் கையில்,
பட்டியல் தேஜ்வீர் கையில்.
வெட்டுவதற்குச் சிவப்பு, விடுவதற்கு வெள்ளை.
மெஹ்ரோலிக்குப் பின்னால் ரிட்ஜ் காட்டில்
மே மாதம், காலை ஏழரைக்கே
பாறை சுடத் தொடங்கிவிட்டது.
மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

இங்கே இதை விலாயதி கீக்கர் என்கிறார்கள்.
ராமநாதபுரத்தில் சீமைக் கருவேலம்.
கடல் தாண்டி வந்தது என்று
இரண்டு மொழியும் ஒரே குற்றத்தைச் சொல்கின்றன.
கண்மாயைக் குடித்துவிட்டது என்று அதைச் சபித்தோம்,
அதன் கரியை மூட்டையாய் விற்றுத்தான்
என் கல்லூரிக்குப் பணம் கட்டினோம்.
அதனால் கை தயங்கவில்லை.
சிவப்பு. சிவப்பு. சிவப்பு.
எப்போதாவது ஒரு வன்னி குறுக்கே வரும், வெள்ளை.
மறுபடி சிவப்பு.

அறுநூற்றுப் பதினொன்றில்
முள்ளில் ஒரு வெட்டுக்கிளி செருகியிருந்தது.
காற்று கொண்டுவந்து போட்டதில்லை.
ஆணியில் சட்டை மாட்டுவதுபோல
கழுத்துப் பக்கமாய், நிதானமாய் மாட்டியது.
அடுத்த முள்ளில் ஒரு வண்டு.
அதற்கும் மேலே ஓணான் குட்டியின் பின்பாதி,
வால் காய்ந்து சுருண்டு.

யார் செய்தது என்றேன்.
"லட்டோரா," என்றான் தேஜ்வீர்,
பட்டியலால் விசிறிக்கொண்டே. "கசாயி."

கீச்சான்.
கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியதுபோல்
உச்சிக் கிளையில் உட்கார்ந்து
எங்களைக் கரகரவென்று திட்டிக்கொண்டிருந்தது.
என் உள்ளங்கையில் அடங்கிவிடும்.
கொக்கி மூக்கு இருக்கிறது,
பிடித்ததை அழுத்திப் பிடிக்கக் கால் இல்லை.
ஆகவே ஒரு மரத்தையே
கையாக வைத்துக்கொண்டிருக்கிறது.

குனிந்து உள்ளே பார்த்தேன்.
வெளியிலிருந்து வெறும் முள்,
உள்ளே ஒரு குடியிருப்பு.
தாழ்ந்த கிளையில் தவிட்டுக்குருவிகள் ஏழோ எட்டோ
ஒன்றின் தலையை ஒன்று கோதிக்கொண்டு.
அடியில் கௌதாரி புரண்ட புழுதிக்குழி.
கவட்டில் ஒரு கிண்ணம்:
புல், சிலந்தி நூல், நீல பாலிதீன் இழை,
யாருடைய மப்ளரிலிருந்தோ உருவிய கம்பளி.
முட்டைகள் மூன்றா நான்கா,
எண்ணுவதற்குள்

வல்லூறு விழுந்தது.
விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்,
அவ்வளவு வேகம்.
தவிட்டுக்குருவிகள் ஒரே கூச்சலாய்
இன்னும் உள்ளே, முள் அடர்ந்த இடத்துக்கே ஓடின.
வல்லூறு வாசலில் சிறகை விரித்து நின்று
ஒரு கிளை உரசியதும் விலகிப் போய்விட்டது.
எனக்குக் குத்தியதும் அதே கிளைதான்.
கையில் எது பெயின்ட், எது ரத்தம் என்று
தேஜ்வீர் கொஞ்ச நேரம் பார்த்தான்.

நட்டுவைத்த வன்னிக் கன்றுகள்
அந்தப் பக்கம் வரிசையாய் இருக்கின்றன.
நல்ல மரம். ஊர்க்காரர்களின் மரம்.
முழங்கால் உயரம்.
அதன் முள் இன்னும் நகத்தால் வளைகிறது.
அது கூடு தாங்க ஆண்டுகள் வேண்டும்,
இந்த முட்டைகளுக்கு இரண்டு வாரம்.
பட்டியலில் இதற்கென்று கட்டம் எதுவும் இல்லை.

மதியம் வாள் எந்திரங்கள் ஓய்ந்தன.
மஹோபாவிலிருந்து வந்த ராம்ரதி
எறும்புக்கும் நாய்க்கும் எட்டாமல்
ரொட்டிப் பையை முள்ளில் மாட்டியிருந்தாள்.
அவிழ்த்து எனக்கும் ஒன்று தந்தாள், பச்சை மிளகாயோடு.
கீச்சானைக் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.
"பின்னே எங்கே வைக்கும்?" என்றாள்.

அறுநூற்றுப் பத்துக்கு அடுத்து
அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினான் தேஜ்வீர்.
கேட்டால் எண்ணிக்கைப் பிழை.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
அறுநூற்றுப் பன்னிரண்டுக்குச் சிவப்பு அடித்தேன்,
அதற்குள் குனிந்து பார்க்காமல்.

மறுநாள் வந்தபோது
சுற்றிலும் வெட்டிப்போட்ட கிளைகள்,
நடுவில் அது மட்டும் நின்றது, அசிங்கமாய், தனியாய்.
வண்டு இருந்தது. ஓணான் வால் இருந்தது.
வெட்டுக்கிளியைக் காணோம்.
யாரோ சாப்பிட்டிருந்தார்கள்.