அறுபது லிட்டர்

சன்னலைத் திறந்தால் கடல்தான்.
பாலம், பாலத்தின்மேல் லாரிகள்,
ஆறிப்போன தேநீர் நிறத்தில் நீரிணை.
அதையே மொண்டு ஊற்றினால் ஆகாதா என்றார் குணசேகரன்.
ஆகாது.
அதில் கப்பல் எண்ணெய் இருக்கிறது, நாம் இருக்கிறோம்.

கடைக்காரர் கூ சொன்னார்:
பினாங்கில் கடலைக் கிலோ கணக்கில்தான் வாங்க வேண்டும்.
அப்படித்தான் ஒரு வாளி உப்பு
ஜெலுத்தோங்கில் பதினான்காம் மாடிக்கு வந்தது.
தண்ணீர் கீழே, டோபிக்கடைப் பக்கத்து இயந்திரத்தில்,
லிட்டர் இருபது சென்.
லிஃப்ட் பழுதான வாரம் அது.
ஒன்பதாம் மாடியில் காக் ரொஹாயா எட்டிப் பார்த்து
வீட்டில் தண்ணீர் வரவில்லையா என்றார்.
வருகிறது காக், இது கடலுக்கு.

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
மாவு நிறுக்கும் தராசில் நிறுத்தேன்.
கலக்கியபோது வாளிக்குள் வெள்ளைப் புயல்;
காலையில் ஒன்றுமே நடக்காதது போலத் தெளிந்து நின்றது.
உப்புமானியைக் கண்ணில் வைத்து வெளிச்சம் பார்த்தேன்.
நீலம் முடிந்து வெள்ளை தொடங்கும் கோடு,
சரியாக 1.025.

ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கல் வந்தது.
பிறகு ஆறு வாரம், மீன் இல்லை.
விளக்கு உண்டு, மணல் உண்டு, அலைகூட உண்டு.
தீபாவளிக்கு வந்தவர்கள் குனிந்து தேடினார்கள்.
முறுக்கைக் கடித்தபடி நாத்தனார் மகள்,
"செத்துப்போச்சா அத்தை?"

பாயான் லெப்பாஸில் இரவு முழுக்கச் சில்லு பார்க்கிறவள் நான்.
வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே.
ஒரு தூசி தெரிந்தால் தட்டு மொத்தமும் ஒதுக்க வேண்டும்.
வீட்டிலோ எனக்குத் தூசிதான் வேண்டியிருந்தது,
உயிருள்ள தூசி,
ஒன்றின் கழிவை ஒன்று தின்று
அந்தக் கல்லில் குடியேறும் தூசி.
சோதனைக் குழாயில் சொட்டு விட்டுக் காத்திருந்தேன்.
பச்சை. இன்னும் பச்சை.
ஒரு வெள்ளிக்கிழமை, மஞ்சள்.

கோமாளி மீன் இரண்டு வந்தன.
பெயர் வைக்க மறுத்துவிட்டார்,
மின்சார பில் கட்டுவதே போதுமாம்.
தண்ணீர் முப்பத்தொரு டிகிரிக்கு ஏறியபோது
மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன்.
அவர் வியர்த்துக் கிடந்தார்; மீன்களுக்கு இருபத்தாறு.
விசிறிக் காற்றில் தினம் ஒரு விரல் தண்ணீர் போகும்.
அதற்கு உப்புநீர் விடக்கூடாது,
போனது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயேதான் இருக்கிறது
என்று மூன்று முறை சொன்னேன்.
டிவியைப் பார்த்தபடி தலையாட்டினார்.

மார்ச்சில் ஓரிரவு எங்கள் புளோக்கில் மின்சாரம் போனது.
என் ஃபோன் தொழிற்சாலை லாக்கரில்.
காலை ஏழரைக்கு வந்து கதவைத் திறந்தால்
தொட்டி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் அவர், மடியில் துண்டு.
முழங்கை வரை உப்புப் பூத்து வெளுத்த வலது கை.
தரையில் எவர்சில்வர் குவளை.
மொண்டு, உயர்த்தி, ஊற்றி,
இரண்டரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை.
"அதுகளுக்குக் காத்து வேணுமாமே."
நடுநிசியில் கூவை எழுப்பிக் கேட்டிருக்கிறார்.
கூ முதலில் திட்டினாராம், பிறகு சொன்னாராம்.
அன்று ஆறு மணி பஸ்ஸை வேறு யாரோ ஓட்டினார்கள்.

படுக்கப் போனவர் வாசலில் நின்றார்.
"அந்தக் கல்லுல ஒண்ணு இருக்கு, தெரியுமா?
டார்ச் அடிச்சப்போ வெளிய வந்துச்சு.
அஞ்சு கை. முடிக்கயிறு மாதிரி. நீளமா."
தெரியாது.
எட்டு மாதமாக இரவுகளில் நான் வீட்டில் இல்லை.

விடுப்பு கிடைத்த சனிக்கிழமை
விளக்கை அணைத்து, டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி,
ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தோம்.
இறால் ஒன்று மீசையை ஆட்டியது.
மீன்கள் மூலையில் சாய்ந்து தூங்கின.
மூன்று மணிவரை அது வரவில்லை.

தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது.
அவர்தான் எழுந்து சமையலறைக்குப் போனார்,
குவளையோடு திரும்பி வந்தார்.
விரல் நனைத்து நக்கிப் பார்த்தேன்.
நல்ல தண்ணீர்.