ஈரத் தரை

மூன்று மூட்டை பச்சைத் தேயிலை,
நூற்றிருபது கிலோ.
அன்றைய விலைக்கு இரண்டாயிரத்து நானூறு.
கோத்தகிரி கோர்ட்டில் பழுப்பு உறையில் போட்டுத் தந்து
எண்ணிப் பாருங்கள் என்றார்கள்.
எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.

பிறகு நீதிபதி போஜராஜிடம் சொன்னார்:
முப்பது நாள், காலை எட்டு முதல் பதினொன்று,
அரசு ஆஸ்பத்திரியில் தரை துடைக்க வேண்டும்.
அவ்வளவுதானா என்று கேட்டது நான்தான்.
வாய்க்குள்ளே. ஆனாலும்
டவாலி திரும்பிப் பார்த்தார்.

உள்ளே போட்டிருந்தால் மறந்திருப்பேன்.
மலைக்குக் கீழே எங்கோ,
மேகம் மூடிய பக்கம் இருந்திருப்பான்.
இப்போதோ
கவாத்துக் கத்தி பட்ட கைக்குக் கட்டு மாற்ற
ஒன்றுவிட்டு ஒரு நாள் நான் நிற்கும் வரிசையில்
வாளியோடு வருகிறான்.
நகருங்கக்கா என்கிறான் எல்லோரிடமும்.
என்னிடம் மட்டும்
நானாக நகரும்வரை நிற்கிறான்.

அவன் பெயர் எழுத ரிஜிஸ்தர் இல்லை.
புதுத் தண்டனையாம்.
பிரசவ வார்டின் பழைய நோட்டில்
பின்பக்கம் கோடு போட்டு
நர்ஸ் கையெழுத்து வாங்குகிறாள்.
முன்பக்கம் பிறந்த குழந்தைகள், எடையோடு.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
தோட்டத்துச் சேறு அப்பிய பூட்சோடு
அவன் துடைத்த இடத்தில் நடந்தேன்.
தெரிந்தேதான்.
திரும்பி வந்து துடைத்தான்.
சீட்டை மறந்தவள்போல் மறுபடி நடந்தேன்.
துடைத்தான்.
மூன்றாம் முறை காலைத் தூக்கியபோது
பெஞ்சில் இருந்த அத்தனை பேரும்
என் பூட்சையே பார்த்தார்கள்.

“ஈரம், பாத்து” என்றான் போஜராஜ்.

கேலியா என்று
கட்டு அவிழ்த்துக் கட்டி முடிக்கும்வரை யோசித்தேன்.
இல்லை என்றுதான் படுகிறது.
யாராவது வழுக்கி விழுந்ததைப் பார்த்திருப்பான்.
வெளியே போகும்போது
சுவரோரம் காய்ந்த வழியாகச் சுற்றிப் போனேன்.

சாயங்காலம் எடை போடும் ஷெட்டில்
தராசுக்காரர் கேட்டார்:
அந்தத் திருட்டுப் பயல் உள்ளேயா வெளியேயா?
காலையில வேலைக்குப் போறான், என்றேன்.
சொன்னபின் எனக்கே கோபம் வந்தது,
யார் மேல் என்று தெரியவில்லை.

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே
நான்கு வாசல்.
முப்பது நாள் முடிந்தாலும் அது நான்குதான்.

முன்பெல்லாம் மூட்டை வாய்க்கு ஒரு முடிச்சு.
இப்போது இரண்டு போடுகிறேன்.
இரண்டாவதுக்கு ஒற்றைக் கை போதவில்லை,
பல்லால் கடித்து இழுக்கிறேன்.
சாக்கு கசக்கிறது.