வெட்டுப்பட்ட ஒன்பது நிமிஷம்

‘மாண்புமிகு மண்குதிரை’
டிவிடியாக வந்திருக்கிறது.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
செல்போன் உறை தொங்கும் கடையில்
நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
அட்டையில் மந்திரி, மாலை, மைக்.
மூலையில் ஒரு மஞ்சள் வட்டம்:
‘தணிக்கையில் வெட்டிய ஒன்பது நிமிடங்களுடன்.’

அந்த ஒன்பதில்
ஏழு விநாடி நான்.

முப்பத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
மின்வாரிய ஆபீஸில் சொன்னேன்.
பெண் பார்க்க வந்தவரிடம் சொன்னேன்,
சிரித்தார், அந்தச் சிரிப்புக்காகத்தான் கட்டிக்கொண்டேன்.
ஆனாலும் அவர் நம்பவில்லை.
படம் வந்த வாரம்
டைப்ரைட்டிங் வகுப்பே என்னோடு தியேட்டருக்கு வந்தது.
பாலம் வந்தது, மந்திரி வந்தார், கைதட்டல் வந்தது.
மறு ஆட்டமும் பார்த்தோம்.
நான் வரவே இல்லை.

பள்ளத்தூரில் எடுத்தார்கள்.
பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் முகப்பு
மூன்று நாள் மந்திரி பங்களாவாக இருந்தது.
ஆளுக்கு மூன்று ரூபாய், ஒரு புளிசாதப் பொட்டலம்.
கைதட்டினால் போதும் என்றார்கள்.
பன்னிரண்டு தடவை தட்டினோம்.
பதின்மூன்றாவதற்கு யாருக்கும் கை எழவில்லை.
பொட்டலக் கூடையைத் தூக்கிக் காட்டினார்கள்,
எழுந்தது.

பாலம், சட்டமும் சாக்கும் சுண்ணாம்பும்.
பொட்டல் நடுவில் நின்றது.
திறப்பு விழா ரிப்பனுக்குக் கீழே
ஓர் ஓணான்
அனுமதி கேட்காமல் அக்கரை போனது.

‘ஏம்மா, பச்சைத் தாவணி, நீ பேசுவியா?’
தாளில் எழுதிக் கொடுத்தார்கள்:
‘பாலம் வந்துவிட்டது. நதி எப்போது வரும், ஐயா?’
எனக்கு வாயில் நிற்கவில்லை.
எங்கள் ஊரில் நதி ஏது,
ஆறே கிடையாது.
மந்திரி முகத்தைப் பார்த்து, வந்தபடி கேட்டேன்:
‘பாலம் வந்துருச்சு. ஆறு எப்பங்க வரும்?’

டைரக்டர் தொப்பியைக் கழற்றி
முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.
‘அதுவே இருக்கட்டும்.’
இருக்க விடவில்லை மேலே இருந்தவர்கள்.

இன்றைக்கு அவர் திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்தில்.
பக்கத்துக் கடை சிக்கந்தர் வந்து
பிளேயரைத் துடைத்து, வயர் மாற்றிச் செருகிவிட்டு
வாசலில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருக்கிறான்.

ஒரு மணி பன்னிரண்டாவது நிமிஷம்.
வெட்டிய இடம் கண்ணுக்கே தெரிகிறது,
திரை சட்டென்று செம்மண் நிறமாகிறது.
கூட்டம். கை. கை. கை.
பச்சைத் தாவணியும் செம்மண்ணாகிப்போய்
நான்.
எவ்வளவு ஒல்லி.
வாயைத் திறக்கிறேன்.

‘பாலம் வந்துவிட்டது. நதி எப்போது வரும், ஐயா?’

யாருடைய குரல் இது?
தேனில் ஊறிய, மெட்ராஸ் ஸ்டூடியோக் குரல்.
என் உதடு ‘ஆறு’ என்று குவிகிறது,
அவள் ‘நதி’ என்கிறாள்.
நான் முடித்த பிறகும்
அவள் ஐயா போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெட்டினவர்கள் மேல் இல்லாத கோபம்
அந்த ஐயா மேல் வந்தது.

ரிமோட்டில் சத்தத்தைக் கொன்றேன்.
பின்னால் ஓட்டினேன்.
முதல் தடவை முந்திக்கொண்டேன்.
அடுத்த தடவை, அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில்
தவறவிட்டேன்.
மூன்றாவது,
அவள் மூச்சு இழுக்கும்போது நானும் இழுத்து,
ஐம்பத்தைந்து வயதுக் குரலை
பத்தொன்பது வயது வாயில் வைத்தேன்:

‘பாலம் வந்துருச்சு. ஆறு எப்பங்க வரும்?’

உதட்டுக்கு உதடு ஒட்டியது.
மந்திரி கும்பிட்டபடி
சத்தமில்லாமல் என்னவோ சொல்கிறார்.
அந்தப் பதில்
யார் குரலும் இல்லாமலே விளங்குகிறது.

வாசலில் இருந்து சிக்கந்தர்:
‘என்ன மீனாக்கா, சவுண்டு வரலையா?’

வந்துருச்சுப்பா, என்றேன்.
இப்பத்தான்.