பூஜ்யத்திலிருந்து பத்து வரை

என்ன மாத்திரை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
ஒவ்வொரு அழைப்பையும் இப்படித்தான் தொடங்குவேன்.
எந்த உறை யாருக்கு வந்தது என்று
தெரியாமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

டுலூத்தில், ஏரி தெரியாத பக்கத்து அறை.
ஒரு தொலைபேசி, ஒரு ஹீட்டர்,
சாய்மானம் உடைந்த நாற்காலி.
முதுகுவலி ஆராய்ச்சிக்கென்று வாங்கிப்போட்டது அது.

ரெய்னோ நீமி, ஐம்பத்தெட்டு.
இரும்புத் தாது லாரியில் இருபத்தாறு வருடம்.
சுரங்கச் சாலையின் குழிகளையெல்லாம்
அவர் தண்டெலும்பு மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

டெலோரஸ் புகோவிச், அறுபத்தொன்று.
முதியோர் இல்லத்துச் சலவை அறை.
ஈரக் கம்பளி பிணக்கனம் கனக்கும் என்றாள்,
இரண்டையும் தூக்கியிருக்கிறேன் என்று சிரித்தாள்.

கடந்த ஒரு வாரத்தில்,
பூஜ்யம் என்றால் நோவே இல்லை,
பத்து என்றால் நினைத்துப் பார்க்க முடிந்ததில் மோசம்.
எங்கே நிற்கிறீர்கள்?

எட்டு, என்றார் ரெய்னோ,
வங்கிக் கணக்கைச் சொல்வதுபோலத் தயங்கி.
பிரசவத்தைப் பத்து என்று வைத்தால்
ஏழரை, என்றாள் டெலோரஸ்.
படிவத்தில் அரைக்கு இடமில்லை.
எட்டு போட்டேன்.

மூன்றாம் மாதம் இருவரும் ஐந்து.
ரெய்னோவின் குரல்
புதுப்பனியில் உருளும் டயர்போல மெத்தென்றிருந்தது.
உறைந்த ஏரியில் துளையிட்டு
மூன்று மணி நேரம் உட்கார்ந்தாராம்.
ஒரு மீன் கடிக்கவில்லை. அதனாலென்ன,
உட்கார்ந்தேனே, என்றார்.
நான் மனதுக்குள் உறையைப் பிரித்துவிட்டேன்:
இவருக்குப் பெரிய மாத்திரை.
அபினின் பேரப்பிள்ளை. பூட்டி வைக்கும் வகை.

ஆறாம் மாதம் டெலோரஸ் ஆறு.
என்ன கேட்டீர்கள், என்றாள்.
மறுபடி, என்ன கேட்டீர்கள்.
பாவம், இவளுக்கு
மளிகைக்கடையில் கிடைக்கும் வீக்க மாத்திரை,
நோவு தூங்கவிடவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.
எண்ணுவது என் வேலை இல்லை.

ஒன்பதாம் மாதம் ரெய்னோ எடுக்கவில்லை.
மகள் எடுத்தாள். மருத்துவமனையில் இருக்கிறார்.
ஏன் என்று கேட்கக் கூடாது.
கேட்கவில்லை.
அன்றிரவு என் உறவில், என் தெருவில்
நீலம் பாரித்த உதடுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்.
நான்கு பேர்.
ரெய்னோவை ஐந்தாவதாக வைத்தேன்.

அவர் பிழைத்துக்கொண்டார்.
பன்னிரண்டாம் மாதம் நான்கு என்றார்.
டெலோரஸ் ஆறு என்றாள், வெகு தொலைவிலிருந்து.

உறைகளைப் பிரித்த நாளில்
புள்ளிவிவரக்காரர் ஹால்வர் திரையைக் காட்டினார்.
இருநூற்றுச் சொச்சம் பேர், இரண்டே கோடுகள்,
ஒரே தடத்தில் போகும் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள்.
பெரிய மாத்திரையின் கோடு
ஒரு மயிரிழை மேலே. மேலே என்றால் மோசம்.

பெயர்களைத் தேடினேன்.
ரெய்னோவுக்குத்தான் சாதாரண மாத்திரை.
அது அவர் இரைப்பையைத் துளைத்து
கருப்பாய் ரத்தம் போக வைத்திருக்கிறது.
நிறுத்தினார்கள், மாற்றினார்கள்,
வயிற்றுக்கு ஒரு காவலையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.
சாதாரணம் என்ற சொல்லை
நான் இப்போது பார்த்துத்தான் சொல்கிறேன்.

படிப்பு முடிந்த பின் ஒரு மார்ச் மாலை
டெலோரஸ் தானே கூப்பிட்டாள்.
இனி சொல்லலாமா?
சொல்லுங்கள்.
குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.
தோலுக்கடியில் எறும்பு. கொட்டாவி. கண்ணீர்,
அழுகை இல்லாமல் வெறும் கண்ணீர்.
பேரனின் பந்தயம் ஒன்றுக்கும் போகவில்லை,
போகவில்லை என்று வருத்தமும் வரவில்லை.
அந்த வருடம் முழுக்கப் பஞ்சு.

நோவு?
ஆறுதான், என்றாள். அதே ஆறு.
சுற்றிச் சுற்றி வந்து
புறப்பட்ட படிக்கட்டிலேயே நிற்கிறேன்.
இதை எதில் எழுதுவீர்கள்?

எழுத எதுவும் இல்லை. படிவங்கள் பெட்டிக்குள் போய்விட்டன.
நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.
ரொட்டித் துண்டொன்று, என்றாள். பாதி.

வைத்துவிட்டு,
கீழே விழுந்த பேனாவுக்குக் குனிகிறேன்.
நாரியில் சுரீரென்கிறது.
மூன்று. இல்லை, நான்கு.
யாரும் கேட்கவில்லை.