கேட் மணிக்குப் பின்

சுவர் உடையவில்லை,
படுத்திருக்கிறது.
கொருக்குப்பேட்டையின் ஒரு முட்டுச்சந்தில்
செங்கல் செங்கல்லாகப் பிரியாமல்
ஒரே பலகையாக,
பக்கத்து வீட்டு பைக்கின் மேல்.

"குண்டுதானே மேடம், எழுதிடலாமா?"
ஆய்வாளருக்குப் பதினொரு மணிக்குப் பிரஸ்.
ஸ்டான்லி வார்டில் டில்லிபாபுவின் கட்டிலருகே
ஒரு காவலர் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று.

நான் தரையைத் தடவிப் பார்க்கிறேன்.
பள்ளம் இல்லை.
ஜன்னல் கண்ணாடி எதிர்மாடிவரை போயிருக்கிறது,
ஆனால் உள்ளங்கை அகலத் துண்டுகளாக.
பீரோவின் வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறது,
கிழியவில்லை.
கட்டில் கால்கள் கரி.
மேலே ஆணியில்
அடகுக்கடைக் காலண்டர் வெள்ளையாகவே தொங்குகிறது.

ராத்திரி முழுக்க கேஸ்
தண்ணீர்போலத் தரையில் தேங்கி,
விடிகாலை நாலே காலுக்கு
ஃபிரிட்ஜ் மோட்டார் தானாக விழித்திருக்கிறது.
ஒரு பொறி.

இந்தத் தீ ஒலியைவிட மெதுவாக ஓடுவது.
அழுத்தம் அதைவிட்டு முன்னே ஓடி
எரியாத காற்றிடம் சொல்லிவிடுகிறது:
நகரு, வருது.
காற்று நகர்கிறது. கதவு நகர்கிறது. சுவரும்.

ஒருமுறை கல்குவாரியில், ஜெலட்டின்.
இரும்புத் தகடு காகிதமாகக் கிழிந்து
பாறை பொடியாகி
மண்ணில் கிண்ணம்போல் ஒரு குழி.
அங்கே அதிர்ச்சியும் எரிதலும் ஒரே காலில் வந்தன,
ஒலியை முந்திக்கொண்டு.
அடுத்த அங்குலத்துக்குக்கூடச் சேதி போகவில்லை.
நின்றிருந்தவர் முகத்தில் பயமே இல்லை என்றார்கள்.
முகம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

டில்லிபாபுவுக்குப் புருவம் இல்லை,
முன்கையில் கட்டு.
"நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன்மா.
சளி, வாசனை தெரியல.
சாவியத் திருப்புனேன்,
கதவு என்னைத் தூக்கிப் போட்டுச்சு.
அப்புறந்தான் வெளிச்சம்."

அப்புறந்தான்.
அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டேன்.

"மெதுவாவா?" சிரிக்கிறார் ஆய்வாளர்.
"தண்டையார்பேட்டை வரைக்கும் கேட்டுதே!"
கேட்கும் சார்.
கேட்பதற்கு ஆள் மிச்சமிருந்தால்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடிவிட்டது.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நிற்கிறேன்,
மீன் கூடைக்காரம்மா திட்டுகிறாள்,
தண்டவாளம் முதலில் நடுங்குகிறது,
பிறகு மணலியிலிருந்து
டேங்கர் டேங்கராக அந்த நீள ரயில்,
அவசரமே இல்லாமல்.

டில்லிபாபுவை இன்று விடுவார்களா தெரியவில்லை.
நாற்பத்தியிரண்டு எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை.